நெப்ராஸ்கா விழுந்தது சோலிச்சைத் துரத்திய பாவத்தாலா?

வாசகர் ஒருவரின் வாதம், 2025 ஜனவரி 3

"நெப்ராஸ்கா ஃபுட்பால் நாசமானதற்கு ஒரே காரணம்தான். 2003-ல் 9 ஆட்டம் ஜெயித்து 3 மட்டும் தோற்ற கோச் ஃபிராங்க் சோலிச்சை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்பது வெற்றி போதாது என்ற அணி அதற்கப்புறம் நாலுக்கும் ஐந்துக்கும் அல்லாடுகிறது. செய்த பாவம் சும்மா விடுமா? இதைத் தாண்டி ஒரு காரணம் இருந்தால் சொல்லுங்கள்."

2025 ஜனவரி 4

சொல்கிறேன். அதற்கு முன், இந்த விளையாட்டுப் பக்கமே வராதவர்களுக்கு நாலு வரி. இது முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால், அதிலும் கல்லூரி அணிகளின் ஆட்டம். நெப்ராஸ்காவின் ஜனத்தொகை சுமார் 20 லட்சம். தொழில்முறை ஃபுட்பால் அணி கிடையாது. லிங்கன் நகரில் இருக்கும் பல்கலைக்கழக அணிதான் மாநிலத்துக்கே அணி. 1970, 1971, 1994, 1995, 1997 ஆகிய ஆண்டுகளில் தேசிய சாம்பியன். 1993 முதல் 1997 வரை ஐந்து சீசன்களில் 60 வெற்றி, 3 தோல்வி. அப்படிப்பட்ட அணி போன வாரம் நியூயார்க்கில் பாஸ்டன் காலேஜை 20-15 என்று ஜெயித்து 7-6 கணக்கில் (ஏழு வெற்றி, ஆறு தோல்வி) சீசனை முடித்ததற்கு என் பழைய லிங்கன் நண்பர்கள் துள்ளிக் குதிக்கிறார்கள். 2016-க்குப் பிறகு தோல்வியைவிட வெற்றி கூடுதலாக வந்த முதல் சீசன் இது.

இப்போது சோலிச். முந்தைய தலைமை கோச் டாம் ஆஸ்போர்னிடம் உதவியாளராக இருந்து 1998-ல் பொறுப்புக்கு வந்தவர். ஆறு சீசனில் 58 வெற்றி, 19 தோல்வி. 2001-ல் அணியைத் தேசிய இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர். ஆனால் அந்த 2001-லேயே நவம்பர் மாதம் கொலராடோவிடம் 62-36 என்று உதை வாங்கியாயிற்று. அப்புறம் இறுதி ஆட்டத்தில் மியாமியிடம் 37-14. அடுத்த வருடம் 7-7. 1969 முதல் ஒரு வருடம்கூடத் தவறாமல் ஒன்பது வெற்றியாவது எடுத்துவந்த அணி அது. அந்தத் தொடர் அறுந்தது சோலிச் இருக்கும்போதே. புகை 2003-க்கு முன்பே கிளம்பிவிட்டது.

2025 ஜனவரி 5

"2003-ல் தேறி வந்தாரே" என்று பதில் வந்திருக்கிறது. வந்தார். தடுப்பாட்டத்துக்கு போ பெலினி என்ற புதிய உதவியாளரைக் கொண்டுவந்தார், அணியும் நிமிர்ந்தது. அவரை நீக்கியது மடத்தனம் என்பதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. அதைவிட மடத்தனம், அடுத்தவர் யார் என்று முடிவு செய்யாமலே நீக்கியது. புது கோச் கிடைக்க ஆறு வாரம் போல ஆயிற்று. உயர்நிலைப் பள்ளிப் பையன்களைக் கல்லூரிகள் வளைத்துப் பிடிக்கும் முக்கியமான மாதங்கள் அவை. கடைசியில் வந்தவர் ஓக்லாந்து ரெய்டர்ஸ் தொழில்முறை அணியிலிருந்து நீக்கப்பட்ட பில் கலஹன்.

சோலிச் பிறகு ஒஹாயோ பல்கலைக்கழகத்துக்குப் போய் அது ஆடும் கான்ஃபரன்ஸின் (கல்லூரிகள் கூடி ஆடும் கூட்டமைப்பு) வரலாற்றிலேயே அதிக வெற்றி பெற்ற கோச் ஆனார் என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பாவக் கணக்குக்கு உதவும்.

2025 ஜனவரி 11

சோலிச்சை வைத்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்குமா என்பதுதான் விஷயம். இருந்திருக்காது என்பது என் கட்சி. ஏன் என்றால், நெப்ராஸ்காவை மேலே தூக்கிய ஒவ்வொரு சாதகமும் அந்தந்தக் காலத்து விதிகளோ மற்றவர்களின் அசட்டையோ கொடுத்தது.

பளு தூக்கும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-ல், ஆஸ்போர்னுக்கு முன் கோச்சாக இருந்த பாப் டெவானி, பாய்ட் எப்லி என்ற இளைஞரை இதற்கென்றே வேலைக்கு வைத்தார். எப்லி கழியூன்றித் தாண்டும் விளையாட்டு வீரர். பளு தூக்கினால் தசை இறுகி வேகம் போய்விடும் என்று கோச்சுகள் நம்பிய காலம் அது. எவனாவது வேகம் குறைந்தால் உன் வேலை போச்சு என்று டெவானி மிரட்டியதாக எப்லியே பின்னாளில் சொல்வதுண்டு. யாருக்கும் வேகம் குறையவில்லை. அடுத்த இரண்டு சீசனும் சாம்பியன். ஆனால் இது பூட்டி வைக்க முடிகிற வித்தையா? 1978-ல் இந்தப் பயிற்சியாளர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கமே லிங்கனில்தான் ஆரம்பித்தார்கள், எப்லி முன்னின்று. அவரிடம் கற்றவர்கள் நாடெங்கும் போனார்கள். கொஞ்ச வருடத்தில் எல்லாக் கல்லூரியிலும் பளு அறை வந்துவிட்டது.

அடுத்து ஆள்பலம். ஒரு அணி கொடுக்கலாம் என்றிருந்த ஸ்காலர்ஷிப்பின் எண்ணிக்கையை 1973-ல் 105 என்று வரையறுத்தார்கள். 1978-ல் 95. 1994-ல் 85. நெப்ராஸ்கா இதைச் சமாளித்தது வாக்-ஆன் பையன்களை வைத்து. ஸ்காலர்ஷிப் கிடையாது, தானே பணம் கட்டிப் படித்துக்கொண்டு அணியில் சேரும் உள்ளூர்ப் பையன்கள். மக்காச்சோளக் காட்டிலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பையன் மூன்று வருடம் பளு தூக்கி, மாட்டிறைச்சி தின்று, நாலாவது ஐந்தாவது வருடம் முன்வரிசையில் வந்து நிற்பான். எதிரே நிற்பவன் இரண்டாம் வருடப் பையனாக இருப்பான். ஆஸ்போர்ன் பயிற்சியை ஒரே நேரத்தில் மைதானத்தின் பல இடங்களில் நடத்துவார், கடைசி வரிசைப் பையனுக்கும் ஆடிப் பழகக் கிடைக்கும். ஆள் அதிகம் இருந்தால்தான் இது நடக்கும்.

இந்தப் பையன்களுக்கு ஏற்ற ஆட்டமும் இருந்தது. ஆப்ஷன் என்பார்கள். தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரனான குவார்ட்டர்பேக் பந்தோடு பக்கவாட்டில் ஓடி, கடைசி நொடியில் தானே வைத்துக்கொள்வதா பக்கத்தில் ஓடுபவனுக்கு வீசுவதா என்று எதிராளியைப் பார்த்து முடிவு செய்வான். எதிரணிக்கு இதற்குத் தயாராக ஒரு வாரம்தான் கிடைக்கும். குவார்ட்டர்பேக் டாமி ஃபிரேஸியர் இதை வைத்து 1995 சீசன் இறுதியில் ஃப்ளோரிடாவை 62-24 என்று உரித்தெடுத்தார்.

அப்புறம் டிவி. எந்த அணி எத்தனை முறை டிவியில் வரலாம் என்பதை 1984 வரை கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் NCAA சங்கம்தான் தீர்மானித்தது. ஆக்லஹோமா பல்கலைக்கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்தை உடைத்தது. அதுவரை டிவியில் வருவதே நெப்ராஸ்கா மாதிரிப் பெரிய பேருக்குத்தான் என்று இருந்தது. பிறகு சனிக்கிழமையானால் எல்லோரும் டிவியில். ஃப்ளோரிடாவில் இருக்கும் பையன் டிவியில் வர லிங்கன் குளிருக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை.

1996-ல் பிக் 8 கான்ஃபரன்ஸ் நாலு டெக்சாஸ் கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டு பிக் 12 ஆயிற்று. மதிப்பெண் தகுதியை முழுதாக எட்டாத பையன்களைச் சேர்ப்பதற்கு அங்கே கட்டுப்பாடு வந்தது, நெப்ராஸ்கா எதிர்த்தும். ஆண்டுதோறும் நடந்த ஆக்லஹோமா ஆட்டமும் போயிற்று. முதல் பிக் 12 இறுதி ஆட்டத்தில் டெக்சாஸ் 37-27 என்று நெப்ராஸ்காவைத் தோற்கடித்தது சகுனம் மாதிரி இருந்தது.

இதையெல்லாம் கழித்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது தூரமும் குளிரும்தான்.

2025 ஜனவரி 12

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "மாட்டிறைச்சிக்கும் வெற்றிக்கும் சம்பந்தம் உண்டா" என்று கேட்கிறார். லிங்கனில் அப்படிக் கேட்டால் உண்டு என்றுதான் சொல்வார்கள்.

நான் அங்கே படித்தது கலஹன் காலத்தில். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். 1971-ல் ஆக்லஹோமாவை 35-31 என்று ஜெயித்த ஆட்டத்தை வாடகை வாங்க வரும்போதெல்லாம் சொல்வார். எதிரணி உதைத்த பந்தை நெப்ராஸ்காவின் ஜானி ராட்ஜர்ஸ் பிடித்துக்கொண்டு ஓடினாரே, அந்த ஓட்டத்தை என் சமையலறையிலேயே நடித்துக் காட்டுவார், ஃப்ரிட்ஜ்தான் ஆக்லஹோமா ஆள். 2007 நவம்பரில் கான்சஸ் அணி 76-39 என்று நெப்ராஸ்காவை நசுக்கியபோது அவர் கராஜில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியதும் அணைத்துவிடுவார் என்று நினைத்தேன். அணைக்கவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடைக் கழற்றித் தீட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு டச்டவுனுக்கும் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது) ஸ்கோரை மட்டும் முணுமுணுத்தார்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். ஆட்டம் முடிந்து எதிரணி வெளியேறும் மூலையில் கூட்டம் நின்று கை தட்டும். தோற்ற நாளிலும் தட்டும். முதல் தடவை பார்த்தபோது கிண்டல் பண்ணுகிறார்கள் என்றே நினைத்தேன். உண்மையாகவே தட்டுகிறார்கள்.

2025 ஜனவரி 19

நல்ல எதிர்க்கேள்வி வந்திருக்கிறது: "தூரமும் ஜனத்தொகையும்தான் காரணம் என்றால் டெக்சாஸ் ஏன் விழுந்தது?"

டெக்சாஸிடம் பணம் இருக்கிறது, சுற்றிலும் ஆட்டக்காரர்கள் விளைகிறார்கள். இருந்தும் 2010 முதல் பத்து வருடத்துக்கு மேல் தடுமாற்றம். 2021-ல் சொந்த மைதானத்தில் கான்சஸிடம் 57-56 என்று தோற்றார்கள். அலபாமாவும் விழுந்தது. அதன் புகழ்பெற்ற கோச் 'பேர்' பிரையன்ட் போன பிறகு 1992-ல் ஒரு பட்டம், அப்புறம் கோச் மாற்றிக் கோச். 2002 டிசம்பரில் நியமித்த ஒருவரை, ஒரு ஆட்டம்கூட நடத்துமுன் 2003-ல் வெளியே அனுப்பினார்கள். ஆக்லஹோமா 1990-களின் பிற்பாதியில் படுத்துக் கிடந்தது.

ஆனால் எழுந்தார்கள். கோச் பாப் ஸ்டூப்ஸ் 1999-ல் வந்தார், 2000-ல் ஆக்லஹோமா சாம்பியன். கோச் நிக் சேபன் அலபாமாவுக்கு வந்த முதல் வருடம் லூசியானா-மன்ரோவிடம் தோற்றார், பிறகு அங்கே மட்டும் ஆறு பட்டம். ஊற்று உள்ள கிணறு தூர்ந்துபோனால் ஒரு நல்ல ஆள் இறங்கித் தூர்வாரினால் போதும். லாரித் தண்ணீர் ஊற்றி நிரப்பிய தொட்டியில் லாரி நின்றால் தீர்ந்தது. நெப்ராஸ்கா இரண்டாவது வகை.

அதே வகையில் மினசோட்டாவைச் சேர்க்கலாம். பெர்னி பியர்மன் கோச்சாக இருந்தபோது 1934, 1935, 1936, 1940, 1941 என ஐந்து பட்டம். 1960-ல் இன்னொன்று. அந்த 1960-ஐ ஒட்டிய அணியில் பாபி பெல் இருந்தார், வட கரோலினா பையன். தெற்கத்திய கல்லூரிகள் கறுப்பினத்தவரைச் சேர்க்காத காலம் என்பதால் வடக்கே வந்தார். 1965, 1966-ல் மிச்சிகன் ஸ்டேட் கொடி கட்டிப் பறந்ததும் இப்படித்தான். பப்பா ஸ்மித் டெக்சாஸிலிருந்து வந்தவர். 1970 வாக்கில் தெற்குக் கல்லூரிகள் கதவைத் திறந்ததும் அந்தப் பையன்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஆடலாம் என்றாயிற்று. அது நியாயமான மாற்றம். மினசோட்டா 1962 ஜனவரிக்குப் பிறகு ரோஸ் பௌல் ஆட்டத்தில் கால் வைக்கவில்லை (பௌல் என்பது சீசன் முடிவில் தேறிய அணிகளுக்குக் கிடைக்கும் கௌரவ ஆட்டம்). யாரோ ஒரு கோச்சைத் துரத்திய பாவம் என்று இதைச் சொல்ல முடியுமா?

2025 ஜனவரி 20

ராத்திரி படுத்த பிறகு பெலினி ஞாபகத்துக்கு வந்தார். நேற்று எழுதியது அவருக்குப் பொருந்தவில்லை.

2008 முதல் 2014 வரை பெலினி தலைமை கோச். ஏழு சீசனிலும் ஒன்பது வெற்றிக்குக் குறையவில்லை. அப்போதும் அதே தூரம், அதே குளிர், அதே ஜனத்தொகை. 2011-ல் பிக் டென் கான்ஃபரன்ஸுக்கு மாறி டெக்சாஸ் மண்ணில் வழக்கமாக ஆடும் வாய்ப்பும் போனது. இருந்தும் ஒன்பது. தூரம்தான் எல்லாம் என்றால் இது எப்படி?

ஆகவே நான் இரண்டு வீழ்ச்சியாகப் பிரித்துக்கொள்கிறேன். முதல் வரிசையிலிருந்து நல்ல அணி என்ற நிலைக்கு இறங்கியது ஒன்று. அதற்கு 11-ஆம் தேதி எழுதியதெல்லாம் காரணம், சோலிச் இருந்திருந்தாலும் நடந்திருக்கும். நல்ல அணியிலிருந்து மட்டமான அணியாக இறங்கியது இரண்டாவது. அது தன் கையால் போட்டுக்கொண்ட மண்.

பெலினியும் எளிதான மனிதர் இல்லை. ரசிகர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டிய ஒலிப்பதிவு ஒன்று 2013-ல் வெளியானது. ஒவ்வொரு வருடமும் நாலு தோல்வி, அதில் ஒன்றிரண்டு மானம்போகும் தோல்வி. 2012 பிக் டென் இறுதி ஆட்டத்தில் விஸ்கான்சினிடம் 70-31. 2014-ல் நீக்கினார்கள். அடுத்து வந்த மைக் ரைலி மூன்று சீசனில் 19-19.

2025 ஜனவரி 26

"கோச் மாறினால் என்ன, ஆட்டக்காரர்கள் அதே ஆட்கள்தானே" என்று ஒரு கேள்வி. இங்கேதான் சூட்சுமமே இருக்கிறது.

ஆப்ஷன் ஆட்டத்துக்குச் சேர்த்த முன்வரிசைப் பையன் முன்னால் பாய்ந்து இடித்துத் தள்ளப் பழகியவன். கலஹன் வந்ததும் பந்தை வீசும் ஆட்டம். இப்போது அவன் பின்னால் நகர்ந்து, கை நீட்டி, ஓடி வருபவனைத் தடுத்து நிறுத்த வேண்டும். கால் வைப்பதே வேறு. ஓடத் தெரிந்த குவார்ட்டர்பேக் இனிமேல் நின்று வீச வேண்டும். 2004-ல் டெக்சாஸ் டெக்கிடம் 70-10. அந்த வருடம் 5-6, 1961-க்குப் பிறகு முதல் முறையாக வெற்றியைவிடத் தோல்வி அதிகமான சீசன். 1969 முதல் விடாமல் ஆடிவந்த பௌல் ஆட்டமும் கிடைக்கவில்லை. சரி, மூன்று வருடத்தில் கலஹன் தனக்கேற்ற பையன்களைச் சேர்த்தார். உடனே பெலினி வந்தார், வேறு ஆட்டம். பிறகு ரைலி, மறுபடி நின்று வீசும் ஆட்டம். பிறகு ஃபிராஸ்ட், மறுபடி ஓட்டம். ஒவ்வொரு தடவையும் பழைய கோச் சேர்த்த பையன்களில் பாதிப் பேர் உபயோகமில்லாத சரக்கு ஆகிவிடுவார்கள். டெவானியும் ஆஸ்போர்னும் சேர்ந்து 36 வருடம் இருந்தார்கள். ஐந்தாம் வருடத்தில் பழுக்கும் வாக்-ஆன் பையனுக்கு அந்த நிதானம் அவசியம். மூன்று வருடத்துக்கு ஒரு கோச் என்றால் அவன் பழுப்பதற்குள் தோட்டக்காரன் மாறிவிடுகிறான்.

2025 பிப்ரவரி 2

ஸ்காட் ஃபிராஸ்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது.

நெப்ராஸ்காவின் வுட் ரிவர் ஊர்க்காரர். 1997 சாம்பியன் அணியின் குவார்ட்டர்பேக். 2017-ல் சென்ட்ரல் ஃப்ளோரிடா அணியை 13-0 என்று கொண்டுபோனவர். வீட்டுப் பிள்ளை திரும்பி வருகிறான் என்று மாநிலமே குளிர்ந்தது. நானும் நம்பினேன், நம்பாதவர் யார்? 16 வெற்றி, 31 தோல்வி.

அதில் வினோதம், ஒரு டச்டவுனுக்குள் முடிந்த ஆட்டங்களில் 5-22. 2021-ல் ஒன்பது தோல்வி, ஒன்பதும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில். கெட்ட அணி இப்படித் தோற்காது, கெட்ட அணி முப்பது புள்ளியில் தோற்கும். மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தில் 20-13 என்று முன்னணியில் இருக்கும்போது பந்தை உதைத்தார்கள். பந்து போக வேண்டிய பக்கம் ஒன்று, போனது வேறு பக்கம். தடுக்க ஓடியவர்கள் எல்லாம் முதல் பக்கத்தில். பிடித்தவன் நேரே டச்டவுன் போய்விட்டான். கூடுதல் நேரத்தில் தோல்வி.

அடுத்த வருடம் டப்ளினில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 28-17 என்று முன்னணி. அந்த நேரத்தில் ஃபிராஸ்ட் ஆன்சைட் கிக் அடிக்கச் சொன்னார். பந்தை வேண்டுமென்றே குட்டையாக உதைத்துத் தாங்களே பிடிக்கப் பார்ப்பது. தோற்கிறவன் கடைசி நிமிடத்தில் எடுக்கும் அஸ்திரம் அது. கைக்கு வரவில்லை, ஆட்டம் திரும்பியது, 31-28 தோல்வி. இரண்டு வாரம் கழித்து ஜார்ஜியா சதர்னிடம் 45-42. மறுநாளே நீக்கினார்கள். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் கொடுக்கவேண்டிய இழப்பீடு 1.5 கோடி டாலரிலிருந்து பாதியாகியிருக்கும். பொறுக்கவில்லை.

ஆக, பழைய பெருமையே ஒரு நோயாகிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 1997-ஐத் திரும்பக் கொண்டுவர 1997-ன் ஆளையே கூப்பிட்டார்கள். 1997-ன் விதிகளைக் கூப்பிட முடியாதே.

2025 பிப்ரவரி 3

"ஆஸ்போர்னையே முதலமைச்சர் ஆக்கியிருக்கலாம்" என்று ஒருவர் கிண்டல். கவர்னர் பதவிக்கு நின்றே பார்த்தார். நாடாளுமன்றத்துக்குச் சுலபமாக ஜெயித்துப் போனவர், 2006-ல் கவர்னர் பதவிக்கான குடியரசுக் கட்சியின் உள்தேர்தலில் தோற்றார். 255 ஆட்டம் ஜெயித்த மனிதருக்கே அந்த ஊரில் ஓட்டு வேறு, விசில் வேறு. என் வாடகை வீட்டுச் சொந்தக்காரர் அப்போது யாருக்குப் போட்டார் என்று கடைசி வரை சொல்லவில்லை.

2025 பிப்ரவரி 16

வேறு மாதிரி வீழ்ச்சிகளும் உண்டு, கேட்டவர்களுக்காக.

சிகாகோ பல்கலைக்கழகம் வேண்டும் என்றே விழுந்தது. அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக் 1892 முதல் 1932 வரை அங்கே கோச். சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை முதன்முதலில், 1935-ல், வாங்கியதும் அங்கே ஆடிய ஜே பெர்வாங்கர்தான். ஆனால் தலைவராக வந்த ராபர்ட் ஹட்சின்ஸுக்கு ஃபுட்பால் என்றாலே ஆகாது. 1939-ல் மிச்சிகனிடம் 85-0. அந்த சீசனோடு அணியையே கலைத்துவிட்டார். ஸ்டாக் பெயரில் இருந்த மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கு அடியில்தான் 1942 டிசம்பரில் என்ரிகோ ஃபெர்மி குழு அணுக்கருத் தொடர்வினையை முதலில் நடத்திக் காட்டியது. நம் வானியற்பியலாளர் சந்திரசேகர் 1937-ல் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அணி தோற்கத் தோற்கக் கல்லூரி பெரிதானதுக்கு அவரும் ஒரு சாட்சி. எல்லா வீழ்ச்சியும் நஷ்டக் கணக்கு என்று எழுதிவிட முடியாது.

டல்லஸின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் தண்டிக்கப்பட்டு விழுந்தது. ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தார்கள். நிர்வாகக் குழுத் தலைவராக இருந்து பிறகு டெக்சாஸ் கவர்னரான பில் கிளெமென்ட்ஸே அதற்குச் சம்மதித்ததாக ஒப்புக்கொண்டார். 1987 சீசனை NCAA ரத்து செய்தது, 1988-ஐக் கல்லூரியே விட்டுவிட்டது. மறுபடி ஒரு பௌல் ஆட்டம் ஆட 2009 ஆயிற்று. வேடிக்கை என்ன என்றால், 2021 முதல் ஆட்டக்காரர் தன் பெயரை வைத்துப் பணம் சம்பாதிப்பது சட்டப்படி சரி. உடனே டல்லஸ் பணக்காரர்கள் பையைத் திறந்தார்கள். கல்லூரி ஒன்பது வருட டிவி வருமானமே வேண்டாம் என்று சொல்லி ACC கான்ஃபரன்ஸில் இடம் வாங்கி, முதல் வருடமே, 2024-ல், ப்ளேஆஃப் என்ற தேசியப் பட்டச் சுற்றுக்குப் போனது. பென் ஸ்டேட்டிடம் 38-10 என்று தோற்றது வேறு கதை.

2025 மார்ச் 9

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். "அப்படியானால் ரசிகர்கள் மேல்தான் தப்பு. தோற்றாலும் மைதானம் நிறைகிறது, நிர்வாகத்துக்குப் பயமே இல்லை" என்கிறார்.

மைதானம் நிறைவது உண்மை. 1962 நவம்பரிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுக்க விற்றிருக்கிறது, 400-ஐத் தாண்டியாயிற்று. ஆனால் 2021-ல் அந்தத் தொடர் அறுந்துபோக இருந்தது. வசதியானவர்கள் மீதி டிக்கெட்டை வாங்கி வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். ஆகவே கணக்கு கொஞ்சம் இழுத்துக் கட்டியது. மறுபக்கம், 2023 ஆகஸ்டில் அதே மைதானத்தில் பெண்கள் வாலிபால் ஆட்டம் பார்க்க 92,003 பேர் வந்தார்கள். ஃபுட்பால் தோற்றுக்கொண்டிருந்த ஊரில்! அங்கே ஜனங்கள் பழக்கத்தால் மட்டும் வருகிறார்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நிர்வாகத்துக்குப் பயமில்லை என்பதும் தலைகீழ். பயம் அதிகமானதால்தான் ஐந்து கோச். பயமில்லாமல் இருந்தது டெவானி காலத்தில். 1967, 1968 இரண்டு வருடமும் 6-4. விரட்டச் சொல்லி மனுப் போட்டவர்கள் உண்டு. டெவானி விரட்டவும் இல்லை, விரட்டப்படவும் இல்லை. ஆட்டத்தை மட்டும் மாற்றினார், அதுவும் ஆஸ்போர்ன் என்ற இளைய உதவியாளரிடம் தாக்குதல் பொறுப்பைக் கொடுத்து. மிச்சம் தெரிந்ததுதான்.

2025 ஜூன் 8

ரொம்ப நாள் கழித்து வருகிறேன். முந்தாநாள் ஒரு நீதிமன்றம், கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்ற ஒப்பந்தத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது. ஒரு கல்லூரிக்கு வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை. இது நெப்ராஸ்காவுக்கு நல்லதா என்று கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள்.

நல்லது என்றுதான் படுகிறது. கூடவே ஆட்டக்காரர்கள் இஷ்டப்படி கல்லூரி மாறலாம் என்ற விதியும் இருக்கிறது. இந்தியானாவைப் பாருங்கள். காலம் காலமாகத் தோற்றே பேர் வாங்கிய அணி. கர்ட் சிக்னெட்டி 2024-ல் வந்தார், தன் பழைய கல்லூரியிலிருந்து பையன்கள் பலரைக் கூடவே கூட்டிவந்தார், முதல் வருடமே 11-2, ப்ளேஆஃப். நெப்ராஸ்காவை 56-7 என்று துவைத்தார்கள். உள்ளூரில் ஆள் விளைய வேண்டும் என்று ஜனவரியில் நான் அடித்துச் சொன்னதற்கு அது இடிக்கிறது. லாரித் தண்ணீர் இப்போது விலைக்குக் கிடைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். விலை கொடுக்க லிங்கனில் ஆள் உண்டு.

ஆனால் அதே கதவு வெளியேயும் திறக்கும். ஐந்து நட்சத்திரக் குவார்ட்டர்பேக் டிலன் ரயோலா 2024-ல் வந்தார், அவர் அப்பாவும் நெப்ராஸ்கா முன்வரிசைக்காரர். பிள்ளை நாலு வருடம் இருப்பான் என்று இந்தக் காலத்தில் யார் எழுதிக் கொடுப்பார்கள்? ஐந்தாம் வருடத்தில் பழுக்கும் பையனை எவன் காத்திருந்து வளர்ப்பான்? மேட் ரூல் கோச்சாக மூன்றாம் சீசனுக்குள் போகிறார். முதலில் 5-7, பிறகு 7-6. ஆகஸ்ட் 28-ல் கான்சஸ் சிட்டியில் சின்சினாட்டியோடு முதல் ஆட்டம். எட்டு வெற்றி வந்தால் எனக்குப் போதும். ஒன்பது வந்து, அது போதாது என்று எவராவது கிளம்பினால், முதல் கேள்வி கேட்டவர் வந்து பாவக் கணக்கைத் திறக்கட்டும். அப்போது நான் அவர் பக்கம்.